ஆனந்தம்மாள் நிறுத்திய எஞ்சின்

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் கழித்துத்தான் ஆனந்தம்மாளுக்குத் தன் புருஷனோடு குடித்தனம் நடத்தக் கொடுத்துவைத்தது.

அதுவரைக்கும் சகாயநாதன் மரக்காணத்துக்கு விருந்தாளி மாதிரி வந்துபோகிறவர். ஈஸ்டருக்குப் பத்து நாள், கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள். மீதி நாளெல்லாம் மைசூர்ப் பக்கத்தில் ஒரு தங்கச் சுரங்கத்தில், பூமிக்கு அடியில். அவள் இங்கே உப்பளத்தில் கூலி வேலை செய்தாள், மாமியாரைக் கடைசிவரைக்கும் பார்த்துக்கொண்டாள், ஒரே மகள் லீமாவைப் படிக்கவைத்துப் பாண்டிச்சேரிக்கு நர்ஸ் வேலை படிக்க அனுப்பினாள். புருஷனை நினைத்தால் அவளுக்கு முகத்தைவிடக் கையெழுத்துதான் முதலில் ஞாபகத்துக்கு வரும். மாதம் தவறாமல் வரும் கடிதத்தில் சாய்ந்து சாய்ந்து நிற்கும் எழுத்து.

எழுபத்திரண்டாம் வருஷம் தகரப்பெட்டி ஒன்றும் சுருட்டிக் கட்டிய கம்பளி ஒன்றுமாக அவர் வந்து இறங்கினார். பாறையைத் துளைக்கிற மெஷின் பக்கத்திலேயே வருஷக்கணக்கில் நின்றதில் வலது காது சுத்தமாகப் போயிருந்தது. வயசு நாற்பத்தைந்து. "இனிமே திரும்பிப் போறதில்ல, ஆனந்தம்" என்றார். அவளுக்குச் சந்தோஷம்தான். கூடவே கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது, புதுசாக ஓர் ஆள் வீட்டுக்குள் வந்துவிட்ட மாதிரி.

புது ஆளாகத்தான் இருந்தார். வாசலில் நுழையும்போதெல்லாம் கையிலிருக்கும் கழியால் உத்தரத்தை ஒரு தட்டுத் தட்டி, இடது காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டுத்தான் தலையைக் குனிவார். சுரங்கத்தில் மேலே பாறை உறுதியாக நிற்கிறதா, பெயர்ந்து விழப்போகிறதா என்று சத்தத்திலேயே தெரிந்துவிடுமாம்.

"மேல பனை ஓலதாங்க இருக்குது. வுழுந்தா தலையில தூசிதான் வுழும்" என்று ஆனந்தம்மாள் சொல்லிப் பார்த்தாள். சிரித்துக்கொண்டே மறுபடியும் தட்டினார்.

ஒருநாள் ஆட்டுக்கல்லைப் பின்பக்கத்திலிருந்து சமையல் தாழ்வாரத்துக்கு மாற்ற வேண்டியிருந்தது. அவள் ஒருத்தியே சாய்த்து உருட்டிக்கொண்டு வந்துவிடுவாள், எத்தனையோ தடவை செய்திருக்கிறாள். அவர் விடவில்லை. முதலில் வழியில் கிடந்த விறகையெல்லாம் பொறுக்கினார். கோழியைப் பிடித்துக் கூடையால் கவிழ்த்தார். தாழ்வாரத்துத் தரையைக் குதிகாலால் மிதித்துப் பார்த்தார். இரண்டு பக்கமும் ஆப்புக்கட்டை வைத்துக்கொண்டு, "கல்லுக்கும் செவுத்துக்கும் நடுவுல நிக்காத, இந்தப் பக்கம் வா" என்று அவளைக் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். அரைமணி நேரம் ஆயிற்று.

"உங்களோட சேந்தா மாவு ஆட்டறதுக்குள்ள ஊறப்போட்ட அரிசி புளிச்சிடும்."

"புளிக்கட்டும். கால் விரல் பத்தும் இருக்குதா, எண்ணிப் பாரு."

அவள் எண்ணிப் பார்க்கவில்லை. ஆனால் அன்று பூராவும் தன் கால்விரல்களை ஒருவர் அவ்வளவு பெரிய விஷயமாக நினைத்ததை நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டாள்.

அவள் வேலை செய்த உப்பளத்திலேயே அவருக்கும் வேலை கிடைத்தது. மதகுப் பலகை மாற்றுவது, வரப்பு உடைப்பெடுத்தால் அடைப்பது. சுரங்கத்தில் என்ன வேலை பார்த்தார் என்று யாரும் கேட்கவில்லை. தங்கம் வெட்டியிருப்பார் என்று எல்லோரும் தாங்களாகவே நினைத்துக்கொண்டார்கள். ஆனால் அவர் தங்கத்தைக் கண்ணால் பார்த்ததே இரண்டு மூன்று தடவைதான். பெரிய பெரிய மெஷின்களைக் கீழே கொண்டுபோய்ச் சேர்க்கிற கூட்டத்தில் அவர் ஓர் ஆள். மேலேயிருந்து பகுதி பகுதியாக இறக்கியதை, ஆள் கையை விரித்தால் இரண்டு பக்கமும் பாறை இடிக்கிற குகைவழியில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், வடம் கட்டி இழுத்துப்போய் வைக்க வேண்டும். இருபது வருஷம் அதைத்தான் செய்தார்.

அது தெரியவந்தது எழுபத்தைந்தாம் வருஷம் தை மாதத்தில்.

உப்பளத்துக்கு உவர்நீர் இறைக்கப் புது எஞ்சின் வாங்கியிருந்தார்கள். பழைய எஞ்சின் போன வருஷம் பாதி சீசனில் நின்றுபோய், பாத்தியெல்லாம் காய்ந்து கிடந்தது. புது எஞ்சின் இரட்டை சிலிண்டர், ஒன்றரை டன் இரும்பு. லாரிக்காரர்கள் தார் ரோட்டோரம் இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அங்கிருந்து பெரிய வரப்பு வழியாக மூன்று பர்லாங் போய், கடைசியில் கால்வாய்ப் பக்கம் சரிவில் இறக்கி, சிமெண்ட் மேடையில் உட்காரவைக்க வேண்டும். வரப்பு களிமண். மாட்டுவண்டியில் ஏற்றினால் சக்கரம் அச்சு வரைக்கும் புதைந்துவிடும்.

மேனேஜர் சிவஞானம் கெட்டவர் இல்லை, அவசரக்காரர். "இருபது ஆளு, ரெண்டு வடம். காலைல ஆரம்பிச்சா சாப்பாட்டு வேளைக்குள்ள ஒரே மூச்சுல தள்ளிட்டுப் போயிடலாம்" என்றார்.

சகாயநாதன் எஞ்சினை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். குனிந்து அடியில் பார்த்தார். பிறகு மேனேஜரிடம் வந்து, "சார், எனக்கு மூணு நாள் குடுங்க" என்றார்.

"மூணு நாளா? எதுக்குய்யா?"

"ஒரு நாள் வழி பாக்கறதுக்கு. ரெண்டு நாள் கொண்டுபோறதுக்கு."

"இருபது வருஷமா நடக்கிற வரப்பு. அதுல வழி என்ன பாக்கறது?"

"நாம நடந்த வரப்புதான் சார். எஞ்சின் இன்னும் நடக்கல."

மேனேஜர் அரைமனதாகத் தலையாட்டினார். எஞ்சின் கவிழ்ந்தால் முதலாளிக்கு அவர்தானே பதில் சொல்ல வேண்டும்.

முதல்நாள் சகாயநாதன் செய்த காரியத்தை மரக்காணத்தில் ரொம்ப நாள் சொல்லிச் சிரித்தார்கள். சவுக்குக் கழிகளை வெட்டி, எஞ்சினின் நீளம், அகலம், உயரம் அத்தனையும் அளந்து, அதே அளவுக்கு ஒரு கூண்டு கட்டினார். ஆனந்தம்மாளையும் அவளோடு வேலை செய்கிற ஆராயியையும் இன்னும் இரண்டு பெண்களையும் கூப்பிட்டு, நாலு மூலையிலும் பிடித்துக்கொண்டு வரப்பு நெடுக நடக்கச் சொன்னார். பின்னால் அவர் ஒரு கடப்பாரையோடு, பத்தடிக்கு ஒரு தடவை மண்ணில் குத்திப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"இன்னாடி ஆனந்தம்மா, சாமி இல்லாத தேரா இது?" என்று ஆராயி கேட்டாள். பாத்தியில் நின்றிருந்த ஆம்பளைகள் குலவை போட்டார்கள். மாயவன் என்கிறவன், உப்பளத்திலேயே பலசாலி, தலைத்துண்டை அவிழ்த்துச் சாமரம் வீசினான். ஆனந்தம்மாளுக்கு மானம் போயிற்று. புருஷன் பைத்தியக்காரனாகிவிட்டாரோ என்று ஒரு நிமிஷம் பயந்தும் போனாள்.

பெரிய மதகு வரைக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. மதகடியில் வரப்பு சட்டென்று இடது பக்கம் திரும்புகிறது. அங்கே கூண்டைத் திருப்பினபோது, பின்பக்கம் பிடித்திருந்த ஆராயிக்குக் கால் வைக்க இடமில்லை. கூண்டின் வால் ஒன்றரை முழம் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது.

"இந்த இடத்துல எஞ்சினத் திருப்பியிருந்தா?" என்றார் மேனேஜர்.

"தண்ணிக்குள்ள போயிருக்கும். வாலைப் புடிச்சிக்கினு இருந்தவங்களும் கூடவே போயிருப்பாங்க."

யாரும் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் வரைக்கும் மணல் மூட்டை அடுக்கி அந்த மூலையை அகலப்படுத்தினார்கள். கடப்பாரை லேசாக இறங்கின இடங்களில் பலகை போட்டார்கள்.

மறுநாள் காலையில் எஞ்சினைச் சுற்றி எல்லோரையும் நிற்கவைத்தார். அதற்குள் கனமான சக்கரங்களைத் தனியாகக் கழற்றி, எண்ணெயை வடித்து, ஆடுகிற பாகத்தையெல்லாம் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார். அடியில் மரச்சட்டம். சட்டத்துக்கு அடியில் உருளுவதற்கு இரும்புக் குழாய்கள். முன்னால் இழுக்க ஒரு வடம், பின்னால் பிடித்து நிறுத்த ஒரு வடம்.

அவர் கூட்டத்தில் பேசி ஆனந்தம்மாள் பார்த்ததில்லை.

"விறைப்பா இருக்கிற வடத்தை யாரும் தாண்டக் கூடாது. அறுந்துச்சின்னா கத்தி மாதிரி வீசும். எஞ்சினுக்கு அடியில கை போகக் கூடாது, உருளை நழுவினா கழியால தள்ளு. எறக்கத்துல எஞ்சினுக்கு முன்னால ஒரு ஆளு நிக்கக் கூடாது. இத மீறினவங்க அன்னிக்குப் பூரா வரப்புல போய் உக்காரணும். அவ்வளவுதான்."

கொஞ்சம் நிறுத்தி, "இன்னொன்னு இருக்குது" என்றார். "இழு, வுடுன்னு நான் மட்டுந்தான் சொல்வேன். ஆனா நிறுத்துன்னு யார் வேணா சொல்லலாம். யார் சொன்னாலும் நிக்கணும். ஏன்னு கேக்கக் கூடாது. நின்னப்புறம் கேளு."

"யார் சொன்னாலுமா? பொம்பளைங்க சொன்னாலுமா?" மாயவன்தான் கேட்டான்.

"யார் சொன்னாலும். நான் சொரங்கத்துக்குப் போன புதுசு. ஒரு பம்பை எறக்கத்துல வுட்டுக்கினு இருந்தோம். பின்வடத்துல ஒரு பிரி அந்து தொங்கறத நான் பாத்தேன். கத்துனேன். நேத்து வந்தவன் கத்துறான்னு ஒருத்தரும் காதுல போட்டுக்கல. மரியதாஸ்னு ஒரு அண்ணன். அவர் கால் போச்சி. தப்பு பண்ணது நாங்கதான், மெஷின் இல்ல."

பிறகு ஆனந்தம்மாள் பக்கம் திரும்பி, ஒரு சிவப்புத் துணியை அவள் கையில் கொடுத்தார். "எனக்கு வலதுபக்கம் காது கேக்காது. நீ எல்லாருக்கும் பின்னால மேட்டுல நின்னு பாத்துக்கினே வா. நாலு பாத்தி தள்ளி இருக்கிறவங்களக் கூப்புடற தொண்டை உனக்கு இருக்குது. எது சரியில்லன்னு பட்டாலும் கத்து."

மேனேஜர் மெதுவாக, "ஏம்பா, இதுக்கு ஒரு ஆம்பளையப் போடக் கூடாதா?" என்றார். சகாயநாதன் மேனேஜருக்கு வலதுபக்கக் காதைக் காட்டிக்கொண்டு நின்றார். கேட்காத மாதிரி இருக்க அந்தக் காது சில நேரம் உதவியது.

இழுக்க ஆரம்பித்த அன்று நத்தை மாதிரிப் போயிற்று. இழு. நிறுத்து. பின்னால் வந்த குழாயை எடுத்து முன்னால் வை. ஆப்பு வை. இழு. பதினோரு மணி வாக்கில் மாயவன் பீடி பற்றவைக்க நெருப்புப்பெட்டி எடுப்பதற்காக வடத்தை ஒரே தாண்டாகத் தாண்டினான். வடம் விறைப்பாக நின்றிருந்தது.

"நிறுத்து" என்றார் சகாயநாதன். "மாயவா, வரப்புல போய் உக்காரு."

"இன்னாண்ணே, ஒரு காலு எடுத்து வெச்சதுக்கா?"

"ஒரு காலுதான் போகும். போய் உக்காரு."

"இருக்கிறதுல அவன்தான்யா பலசாலி!" என்று மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். சகாயநாதன் அசையவில்லை. மாயவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தவன், சாயங்காலம் வரைக்கும் கேலிப் பாட்டாகப் பாடிக்கொண்டிருந்தான். வேலை விட்டுப் போகும்போது ஆனந்தம்மாளிடம் வந்து, "உன் வூட்டுக்காரரு வூட்டுல ஒனக்கும் ஆப்பு வெச்சித்தான் எழுப்புவாரா?" என்று கேட்டான். அவளுக்கும் கோபம்தான். மாயவன் மேலா, புருஷன் மேலா என்று அவளுக்கே தெரியவில்லை.

அன்று எஞ்சின் மதகு மூலையைத் தாண்டிச் சரிவின் தலைப்பில் வந்து நின்றது. ஒருவர் மேலேயும் ஒரு கீறல்கூட இல்லை.

மறுநாள் சரிவு. நாற்பதடி இறக்கம்தான். மேலேயிருந்து பார்த்த ஆனந்தம்மாள் சிவப்புத் துணியைக் கையில் இறுக்கிச் சுற்றிக்கொண்டாள். மேட்டில் ஒரு தடித்த பனங்கட்டையை ஆழமாக நட்டு, பின்வடத்தை அதில் மூன்று சுற்றுச் சுற்றி, வடத்தின் முனையை மாயவன் கையில் கொடுத்தார் சகாயநாதன். அவனுக்குப் பின்னால் எட்டுப் பேர்.

"நேத்து என்னை உக்காரவெச்சீங்க. இன்னிக்கு உசுரே என் கையிலயா?" என்றான் மாயவன்.

"உன்னாட்டம் யாருக்குக் கை இருக்குது? வுடுன்னா ஒரு சாண் வுடு. நிறுத்துன்னா வடத்து மேலயே குந்திக்கோ."

எஞ்சின் சரிவில் போட்டிருந்த பலகைகள்மேல் இறங்க ஆரம்பித்தது. வடம் கட்டையில் உரசிக் கிரீச் கிரீச்சென்று சத்தம். சகாயநாதன் பக்கவாட்டில், பலகைக்கு ஓரமாக, நாலடி தள்ளி நின்றார். "வுடு." ஒரு சாண். "வுடு." ஒரு சாண். பாதிச் சரிவு வந்தாயிற்று.

அப்போதுதான் இடதுபக்கத்து முன்பலகை மெல்லச் சாய்ந்தது. அடியில் மண் கரைந்திருக்க வேண்டும். ஆனந்தம்மாள் அதைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் கையில் ஆப்புக்கட்டையோடு எஞ்சினுக்கு முன்னால் இறங்கிவிட்டார். நேராக எஞ்சினுக்குக் கீழே, சரிவில், எங்கே ஒரு ஆளும் நிற்கக் கூடாது என்று சொன்னாரோ அங்கே. குனிந்து பலகைக்கு அடியில் கட்டையைச் செருகினார். அவருடைய வலது காதுதான் மேட்டைப் பார்த்திருந்தது.

"நிறுத்து!"

தன் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வந்ததை ஆனந்தம்மாள் அதற்கு முன்னாலும் கேட்டதில்லை, பின்னாலும் கேட்டதில்லை. சிவப்புத் துணியை வீசக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

மாயவன் ஏன் என்று கேட்கவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கட்டையில் இன்னொரு சுற்றைப் போட்டு வடத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். பின்னாலிருந்த எட்டுப் பேரும் அவன்மேல் ஒருவர் ஒருவராகச் சரிந்து உட்கார்ந்தார்கள். அடுத்த நொடி பலகை நழுவியது. எஞ்சின் டமாரென்று ஒரு சாண் இறங்கி, ஒருக்களித்து, வடத்தில் தொங்கி நின்றது. பனங்கட்டை முனகியது. வடம் தாங்கிக்கொண்டது.

சகாயநாதன் முகத்துக்கும் இரும்புக்கும் நடுவில் ஒரு முழம் இருந்தது.

அவர் மெதுவாக நிமிர்ந்து பார்த்தார். மேட்டில் வரிசையாக உட்கார்ந்திருக்கிற ஒன்பது பேர், அவர்களுக்குப் பின்னால் நிற்கிற தன் பெண்டாட்டி.

"லீமாப்பா!" என்று கத்தினாள் அவள். பதினெட்டு வருஷம் கடிதத்தில் பேசியே பழகிவிட்ட பெண், அத்தனை பேர் நடுவில். "வெளியே வாங்க! பக்கமா வாங்க, முன்னால நடக்காதீங்க! மேல ஏறி வாங்க!"

அவர் பக்கவாட்டில் ஒதுங்கி, சரிவின் ஓரமாக ஏறி வந்தார். தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். நேராகப் போய், நேற்று மாயவன் உட்கார்ந்திருந்த வரப்பில் உட்கார்ந்துகொண்டார்.

மேனேஜர் பின்னாலேயே ஓடினார். "என்னய்யா இது? எஞ்சின் பாதியில தொங்குது. நீ இங்க வந்து உக்காந்தா யாரு எறக்கறது?"

"எறக்கத்துல முன்னால போனேன் சார். இன்னிக்கு என் வேலை முடிஞ்சிப்போச்சி."

"விளையாடாதே!"

"விளையாடல சார். இப்ப நான் எழுந்து வந்தா நாளைக்கு ஒருத்தன் நிறுத்துன்னா இன்னொருத்தன் நிக்க மாட்டான்." கையை நீட்டிக் காட்டினார். "அதோ நிக்கிறாங்களே. மூணு நாளா எல்லாத்தையும் பாத்துக்கினு இருக்கிறாங்க. அவங்களுக்குத் தெரியும்."

எல்லோரும் ஆனந்தம்மாளைப் பார்த்தார்கள். அவளுக்கு அழ வேண்டும் போலிருந்தது. ஆனால் எஞ்சின் தொங்குகிறதே, அழ நேரமில்லை.

"மாயவா, வடத்த வுட்டுடாத" என்றாள்.

"நான் செத்தாலும் வுடமாட்டேன்க்கா. நீ சொல்லு."

அவள் ஒவ்வொன்றாக யோசித்து யோசித்துச் சொன்னாள். முதலில் இன்னொரு வடம் கொண்டுவந்து, இரண்டாவது கட்டை நட்டு, அதிலும் கட்டச் சொன்னாள். எஞ்சின் அசையாது என்று உறுதியான பிறகு, பக்கவாட்டிலிருந்து நீளக் கழியால் பலகையை நகர்த்தவைத்தாள். கரைந்த இடத்தில் மணல் மூட்டையைக் கையால் வைக்கவில்லை. மேலேயிருந்து பலகைமேல் சறுக்கி இறக்கினார்கள். கடப்பாரையால் எஞ்சினை நெம்பி நிமிர்த்தினார்கள். நடுவில் ஆராயி ஒரு தடவை "நிறுத்து" என்றாள். எல்லோரும் நின்றார்கள். ஒருவனுடைய வேட்டி முனை உருளையில் மாட்டப் பார்த்திருந்தது. அவன் அதை எடுத்துக் கட்டிக்கொண்ட பிறகு மறுபடியும் ஆரம்பித்தார்கள்.

வரப்பில் சகாயநாதன் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விட்டால் ஓடிவந்து விடும் என்று அந்தக் கைகளின் மேல் அவருக்கே சந்தேகம் போலிருந்தது.

மூன்றரை மணிக்கு எஞ்சின் சிமெண்ட் மேடையில் உட்கார்ந்தது. மாயவன் வடத்தை விட்டுவிட்டு அப்படியே மல்லாந்து படுத்துக்கொண்டான். உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்திருந்தது. மேனேஜர் எல்லோருக்கும் கலர் சோடா வாங்கிவரச் சொன்னார். ஆனந்தம்மாள் தன் பாட்டிலை எடுத்துக்கொண்டு வரப்புக்குப் போனாள். புருஷன் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாட்டிலை அவர் கையில் கொடுத்துவிட்டு அழ ஆரம்பித்தாள்.

"எல்லாருக்கும் சொல்லிட்டு நீங்க எதுக்கு எறங்குனீங்க?"

"பலகை சாயறதப் பாத்தேன். வாயத் தொறந்து நிறுத்துன்னு சொல்லியிருக்கணும். கை முந்திக்கிச்சி" என்றார். "தெரியாதவன் பயந்து ஒதுங்கிப்பான், ஆனந்தம். தெரிஞ்சவனுக்குத்தான் இந்தத் திமிரு வரும்."

"உங்களுக்கு ஏதாவது ஆயிருந்தா? இப்பத்தான் வந்தீங்க. மூணு வருஷங்கூட முழுசா ஆவல."

அவர் கலரில் பாதியைக் குடித்துவிட்டு மீதியை அவளிடம் கொடுத்தார். அவள் அதைக் குடித்தாள். மாயவன் அங்கிருந்து, "இன்னாண்ணே, வரப்பு சௌகரியமா இருக்குதா? நேத்து நான் நல்லா சூடாக்கி வெச்சிருந்தேன்" என்று குரல் கொடுத்தான். கூட்டமே சிரித்தது. வரப்பில் இருந்த இரண்டு பேருக்கும்கூடச் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த வாரம் எஞ்சினை ஓட்டிப் பார்த்தார்கள். அந்த வருஷம் பாத்தி காயவில்லை, உப்பு நன்றாக விளைந்தது. எஞ்சினைப் பார்த்துக்கொள்கிற வேலை சகாயநாதனுக்குக் கிடைத்தது. ஆனந்தம்மாளைப் பெண்களுக்கு மேஸ்திரியாகப் போட்டார் சிவஞானம். அவள் முதல் காரியமாக உப்பு அம்பாரத்தில் கூடை கொட்டுகிற பலகையில் கை வைத்தாள். அதுவரைக்கும் ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் ஒரே பலகையில் இடித்துக்கொண்டு போவார்கள். ஈரத்தில் வழுக்கி வருஷத்துக்கு ஒருத்தியாவது இடுப்பை உடைத்துக்கொள்வாள். ஏறுவதற்கு ஒன்று, இறங்குவதற்கு ஒன்று என்று இரண்டு பலகை கேட்டாள். மேனேஜர் முணுமுணுத்தார், ஆனால் கொடுத்தார்.

கொஞ்ச நாளில் வெளியூர்க்காரர்களும் தேடி வந்தார்கள். கூனிமேட்டில் ஒரு மரைக்காயர் ஐஸ் பேக்டரி வைத்தபோது மெஷின் இறக்கக் கூப்பிட்டார். பிரம்மதேசத்தில் நெல் மெஷினை மாற்றக் கூப்பிட்டார்கள். வருகிறவர்களிடம் சகாயநாதன் ஒரே பதில்தான் சொல்வார்: "எங்க வூட்டுக்காரங்களும் வருவாங்க. அவங்க மேட்டுல நின்னாத்தான் நான் வடத்தத் தொடுவேன்." மரைக்காயர் முதலில் வியந்து போனார், பிறகு இரண்டு பேருக்கும் சேர்த்துப் பிரியாணி ஆக்கச் சொன்னார். போகும்போதும் வரும்போதும் பஸ்ஸில் ஜன்னல் சீட்டு அவளுக்கு. இந்த வயசில் இப்படி ஊர் ஊராகச் சுற்றுகிறோமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கமாக இருந்தாலும் ஒரு தடவைகூட வரமாட்டேன் என்று சொன்னதில்லை.

எழுபத்தேழில் ஐப்பசி மழை ஏழு நாள் விடாமல் கொட்டியது. கால்வாய் தண்ணீர் எஞ்சின் மேடையைத் தொட ஆரம்பித்தது. இன்னும் இரண்டு முழம் ஏறினால் எஞ்சின் போச்சு. சகாயநாதன் குளிர்க்காய்ச்சலில் கம்பளிக்குள் சுருண்டு கிடந்தார். மேனேஜர் குடையோடு வாசலில் வந்து நின்றபோது எழுந்திருக்கப் பார்த்தார், கால் நிற்கவில்லை.

"படுங்க" என்றாள் ஆனந்தம்மாள். கோணிப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, எஞ்சினை மேட்டுக்கு ஏற்றப் போனாள்.

காலையில் போனவள் சாயங்காலம்தான் திரும்பினாள். புடவை பூராவும் சேறு. தொண்டை கட்டிப்போய்க் குரலே இல்லை. வாசலில் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தாள். அவர் தலையணையில் சாய்ந்து, இடது காதை வாசல் பக்கம் வைத்து உட்கார்ந்திருந்தார். எஞ்சினைப் பற்றி அவர் கேட்கவில்லை.

"எத்தினி பேரு போனீங்க?"

"என்னோட சேத்துப் பதினாலு."

"எத்தினி பேரு வந்தீங்க?"

"பதினாலு" என்றாள் அவள், கிசுகிசுப்பாக.

அவர் கம்பளியில் பாதியை எடுத்து அவள் தோளில் போர்த்தினார். அடுப்பில் அவரே எப்படியோ எழுந்து போய்க் கஞ்சி வைத்திருந்தார். உப்பு கொஞ்சம் கூடிப்போயிருந்தது. அவள் இரண்டு கிண்ணம் குடித்தாள்.